மாசக்கடைசி பத்து நாள்: முதல்ல 500 ரூபாய எடுத்து தனியா வைங்க

எங்க வீட்டுல மாசத்துக்கு ரெண்டு குடும்பம் நடக்கும். 1ஆம் தேதியில இருந்து 20 வரைக்கும் ஒரு குடும்பம், அதுக்கு மேல வேற ஒரு குடும்பம். முதல் குடும்பத்துல பையன் ஐஸ்க்ரீம் கேட்டா "வாடா போலாம்", ரெண்டாவது குடும்பத்துல அதே பையன் அதே ஐஸ்க்ரீம கேட்டா "தொண்டை கட்டிக்கும், பேசாம இரு". அவனுக்கு எட்டு வயசு, இப்பல்லாம் கேலண்டர பாத்துட்டுதான் கேக்குறான்.

இத்தனைக்கும் நான் கிண்டியில ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ்தான் பாக்குறேன். ஊரான் காச பைசா சுத்தமா டேலி பண்ணி குடுத்துட்டு வீட்டுக்கு வந்தா நம்ம கணக்குல மட்டும் துண்டு விழும். ரொம்ப நாளா நான் பண்ணிட்டிருந்தது என்னன்னா, 20ஆம் தேதி வந்ததும் எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திடுறது. டீ கட், பூ கட், சாயங்கால பஜ்ஜி கட், ஞாயித்துக்கிழமை மீன் கட். அப்படி இழுத்துப்புடிச்சுக்கிட்டு போயிட்டிருந்தப்ப ஒரு 26ஆம் தேதி ஆஃபிஸ்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு, பஸ்ல நின்னுக்கிட்டே வந்து, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஃபோன எடுத்து நாலு பேருக்கும் பிரியாணி, ஒரு சிக்கன் 65, டெலிவரி சார்ஜ், பேக்கிங் சார்ஜ், மொத்தம் 1,140 ரூபாய். 21ல இருந்து அன்னிக்கு வரைக்கும் ஆறு நாள் டீ குடிக்காம நான் மிச்சம் புடிச்சது 90 ரூபாய். அன்னிக்கு நைட்டு இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன், அழுகையா சிரிப்பான்னு தெரியல.

அதுக்கப்புறம்தான் கணக்க தலைகீழா மாத்தினேன். இப்ப மாசக்கடைசியில முதல்ல எடுத்து வைக்கிறது சின்னச் சின்ன சந்தோஷத்துக்கான காசு, அப்புறம்தான் காய்கறி. கேக்க பொறுப்பில்லாத மாதிரி இருக்கும், ஆனா மூணு வருஷமா எங்க வீட்டுல ஓடுது, கைமாத்து வாங்குறதும் நின்னுருக்கு. எப்படின்னு சொல்றேன்.

20ஆம் தேதி நைட்டு உக்காந்து ஒரு கணக்கு

28ஆம் தேதி போட்டா அது கணக்கு இல்ல, ஒப்பாரி. 20ஆம் தேதியே உக்காருங்க, கையில இன்னும் ஏதோ இருக்குறப்பவே. போன மாசம் எங்க கணக்கையே சொல்றேன். பேங்க்ல இருந்தது 7,350. இதுல 1ஆம் தேதிக்குள்ள கண்டிப்பா போகப்போறது: சிலிண்டருக்கு 900, பால் ஒரு நாளைக்கு 40ன்னு பத்து நாளைக்கு 400, அத்தையோட (என் மாமியார்) பிரஷர் மாத்திரை 650, எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு பெட்ரோல் 600, ஃபோன் ரீசார்ஜ் 300. மொத்தம் 2,850. மிச்சம் 4,500. அதுல 1,000 ரூபாய "இது இல்லவே இல்ல"ன்னு நினைச்சு ஒதுக்கிடணும், பையனுக்கு காய்ச்சல், வண்டி பஞ்சர், யார் வீட்டுலயாவது திடீர் சாவு, இப்படி எது வரும்னு தெரியாது. இருக்குறது 3,500. இதுல இருந்து 500 சந்தோஷக் காசு. பாக்கி 3,000, பத்து நாளைக்கு பிரிச்சா ஒரு நாளைக்கு 300, அரிசி பருப்பு எண்ணெய் ஏற்கனவே வீட்டுல இருக்கு, அதனால இந்த 300ல காய், முட்டை, மீன், இட்லி மாவு எல்லாம் தாராளமா அடங்கும். ஒரு நாள் 300 முழுசா செலவாகலன்னா மிச்சம் மறுநாளைக்குப் போகும், சந்தோஷக் காசுல கொண்டுபோய் சேக்கக்கூடாது, இல்லன்னா எல்லாரும் ரசம் மட்டும் வெச்சு மிச்சம் புடிக்க ஆரம்பிச்சுடுவாங்க (எங்க வீட்டுக்காரர் ஒரு தடவை ட்ரை பண்ணாரு).

உங்க வீட்டு நம்பர் வேறயா இருக்கும். 500 முடியலன்னா 200 வைங்க, ஆனா ஜீரோ மட்டும் வைக்காதீங்க. ஜீரோ வெச்சா 26ஆம் தேதி 1,140 வரும்.

அந்த 500ஐ நாங்க ஆளுக்கு 100, பொதுவுல 100ன்னு பிரிச்சுப்போம். எங்க வீட்டுல ஒரே ஒரு சட்டம்தான், அந்த நூறு ரூபாய்க்கு யாரும் யார்கிட்டயும் கணக்கு கேக்கக்கூடாது. அத்தை வெத்தலை பாக்கும் ஒரு முழம் மல்லியும் வாங்குவாங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஆஃபிஸ் வாசல் டீக்கடை, பையன் என்ன வாங்குறான்னு நான் பாக்காம இருக்க பெரிய பிரயத்தனம் பண்ணணும். நான் சில்லறையா செலவு பண்ண மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் தனியா ஒரு ஹோட்டலுக்குப் போயி டபரா செட்ல ஒரு ஃபில்டர் காபி, ஒரு மெதுவடை. ஆத்தி ஆத்தி குடிக்கிறதுக்கு அரைமணி நேரம், யாரும் "அம்மா"ன்னு கூப்பிட மாட்டாங்க. அந்த அரைமணி நேரத்துக்காக நான் அஞ்சு நாள் சந்தோஷமா கொள்ளு ரசம் சாப்பிடுவேன்.

சந்தோஷக் காச நோட்டா எடுத்து வைங்க, பத்து ரூபாய் நோட்டா கிடைச்சா இன்னும் நல்லது, எண்ணிக் குடுக்குறப்ப கைக்குத் தெரியும். ஸ்கேன் பண்ணி அடிக்கிறப்ப காசு போறதே தெரியாது. காய்கறிக்கான 3,000க்கு நான் யூபிஐ லைட் (பேங்க் கணக்குல இருந்து கொஞ்சம் காச எடுத்து ஃபோன்லயே தனியா வைக்கிற சின்ன பர்ஸ் மாதிரி) வெச்சுக்கிறேன், 1,500 ஒரு தடவை, 26ஆம் தேதி இன்னொரு 1,500. அதுல 5,000 வரைக்கும் ஏத்தி வைக்கலாம், 1,000க்கு உள்ள பின் இல்லாமலே கட்டலாம், ஆனா எனக்கு அதுல புடிச்சது வேற. பெரிய கணக்கு கண்ணுல படாது, லைட்ல எவ்வளவோ அவ்வளவுதான் நம்ம சொத்து. ஆட்டோ டாப்-அப்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா அது பாட்டுக்கு ரொப்பிக்கிட்டே இருக்கும்.

அடுப்படியில டப்பா வேட்டை

21ஆம் தேதி காலையில எல்லா டப்பாவையும் கீழ இறக்குங்க. கால் கிலோ ரவை, பாதி பாக்கெட் சேமியா, எப்பவோ வாங்கின காராமணி, கொள்ளு, அடியில கிடக்குற சுண்டக்கா வத்தல், மோர்மிளகா, அரை கட்டு அப்பளம், எல்லாம் வெளிய வரும். எங்க வீட்டுல ஒரு தடவை ரெண்டு கிலோ பச்சைப்பயறு வந்துச்சு, எதுக்கு வாங்கினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மாசக்கடைசி சாப்பாட்டோட ரகசியமே அதுதான், நல்ல சாப்பாடு எல்லாம் அந்த டப்பாவுலதான் தூங்கிட்டிருக்கும். 5ஆம் தேதி யாராவது வத்தக்குழம்பு வைப்பாங்களா? பனீர் வாங்கிட்டு வருவோம். 23ஆம் தேதிதான் சுண்டக்கா வத்தல நல்லெண்ணெயில வறுத்து புளிய கெட்டியா கரைச்சு ஊத்தி சுண்ட வைக்கத் தோணும். மறுநாள் அது இன்னும் நல்லா இருக்கும், சுட்ட அப்பளம் ஒண்ணு போதும் தொட்டுக்க. சுட்டாலே எண்ணெய் மிச்சம், வாசனைக்கு வாசனை.

கொள்ளு வேகவெச்ச தண்ணிய கீழ ஊத்தாதீங்க, அதுல ரசம், வெந்த கொள்ளுல சாயங்காலம் தேங்கா போட்டு சுண்டல். ஒரு செலவு, ரெண்டு வேளை. ராத்திரி மிச்ச சோத்துல தண்ணி ஊத்தி வெச்சா காலையில பழைய சோறு, மோர் விட்டு உப்பு போட்டு சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு சாப்பிடலாம். இப்ப பெரிய ஹோட்டல்ல மண்பானையில வெச்சு மெனு கார்டுல போட்டு விக்கிறாங்க, நம்ம வீட்டுல சும்மா கிடைக்குது.

மீன் வேணும்னா கவலை வாங்குங்க. மத்தி, சாளைன்னு மத்த ஊருல சொல்றத மெட்ராஸ்ல கவலைன்னுதான் சொல்லுவோம், வஞ்சிரம் விக்கிற விலையில கால்வாசி கூட இருக்காது. சுத்தம் பண்றதுதான் கொஞ்சம் வேலை, முள்ளும் இருக்கும், ஆனா குழம்புக்கு அதோட ருசி வஞ்சிரத்துக்குக் கிடையாது. சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம் தாளிச்சு, புளிக்கரைசல் கொதிச்சு பச்சை வாசனை போனப்புறம் மாங்கா ரெண்டு துண்டு போட்டு கடைசியா மீன போடணும், மீன் போட்டதும் கரண்டிய எடுத்து வெச்சுடணும், சட்டிய மட்டும் சுத்தி ஆட்டிவிட்டா போதும். "கவலை வாங்கிட்டு வா, கவலை தீரும்"னு அத்தை மாசா மாசம் ஒரே ஜோக்க சொல்லுவாங்க, நாங்களும் மாசா மாசம் சிரிப்போம். ஒரு விஷயம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்ப எல்லா மீனும் விலை ஏறிடும். அந்த நேரத்துக்கு நெத்திலி கருவாடு இருக்கு, கத்திரிக்கா போட்டு குழம்பு வெச்சா பக்கத்து வீட்டுக்காரங்களே கிண்ணத்தோட வருவாங்க.

அப்புறம் பிரியாணி ஆசை. இது வரும், வராம இருக்காது, அதனால அதுக்கு முன்னாடியே வழி பண்ணிடணும். கடையில குஸ்கா வாங்குங்க. பிரியாணி அரிசிதான், மசாலாவும் அதேதான், கறித்துண்டு மட்டும் இருக்காது, அதுக்காகவே விலை நல்லாவே இறங்கிடும். எங்களுக்கு ரெண்டு குஸ்கா நாலு பேருக்குப் போதும், கூடவே தயிர் வெங்காயமும் கத்திரிக்காயும் குடுப்பாங்க, வீட்டுல நாலு முட்டைய வேகவெச்சு கீறிவிட்டு மிளகாத்தூள்ல பொரட்டி மேல வெச்சா முடிஞ்சுது. நேரா கடைக்குப் போயி வாங்குங்க, ஆப்ல போட்டா குஸ்காவே பிரியாணி விலைக்கு வந்து நிக்கும். பரோட்டாவும் இந்த மாதிரிதான், நாலு பரோட்டா வாங்கி "அண்ணா சால்னா கொஞ்சம் சேத்து கட்டுங்க"ன்னா பொட்டலம் பெருசா வரும், மிச்ச சால்னா காலையில இட்லிக்கு.

எல்லாத்தையும் வீட்டுல பண்ணா லாபம்னும் நினைக்காதீங்க. நாலு பஜ்ஜிக்காக அரை லிட்டர் எண்ணெய கடாயில ஊத்துறது சிக்கனம் கிடையாது, கடையில நாலு வாங்கி ஆளுக்கு ஒண்ணு சாப்பிடுறதுதான் சிக்கனம்.

காய்கறிக்கு ராத்திரி எட்டரை மணிக்கு மேல தெருவோரக் கடைக்குப் போங்க. கடை கட்டுற நேரம், கூறு கட்டி வெச்சிருப்பாங்க, தக்காளி ஒரு கூறு, கத்திரிக்கா ஒரு கூறுன்னு அள்ளிக்கலாம், அன்னிக்கோ மறுநாளோ சமைச்சுடணும் அவ்வளவுதான். பேரம் பேசுறதுல எனக்கு ஒரு கொள்கை இருக்கு, மாசக்கடைசி நமக்கு மட்டும் இல்ல அந்த அக்காவுக்கும்தான், அதனால கூறு விலைக்கு மேல குறைச்சு கேக்க மாட்டேன். உழவர் சந்தை இருக்குற ஊருல இருந்தீங்கன்னா நீங்க குடுத்து வெச்சவங்க, 1999ல மதுரையில ஆரம்பிச்சப்பவே எங்க பெரியம்மா அங்கதான் காய் வாங்குவாங்க, அங்க போறதா இருந்தா மட்டும் விடியக்காலையில போகணும். ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, இத மட்டும் மாசக்கடைசிக்கு தள்ளாம 10, 12 தேதிக்குள்ள வாங்கிடுங்க.

ஆஃபிஸ்ல மதியம் கட்டுச்சோறு கொண்டுபோக முடியலன்னா சென்னையில அம்மா உணவகம் இருக்கு, 2013ல ஆரம்பிச்சது, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. எங்க ஆஃபிஸ்ல ஒருத்தர் அங்க சாப்பிடுறத யாராவது பாத்துடுவாங்களோன்னு கூச்சப்படுவாரு. இஎம்ஐ போட்டு ஃபோன் வாங்க கூச்சம் இல்லாத ஊருல சாம்பார் சாதத்துக்கு என்ன கூச்சம்?

வெளிய போகாம இருக்க முடியாது, அதனால இப்படி போங்க

நாங்க இருக்குறது வேளச்சேரி. எங்க அதிர்ஷ்டம் என்னன்னா பறக்கும் ரயில் (உசரமா பாலத்து மேல ஓடுற லோக்கல் ரயில்) ஸ்டேஷன் அங்கயே இருக்கு. பல வருஷமா இது ஆஃபிஸ் போற வண்டின்னு மட்டும்தான் நினைச்சிட்டிருந்தேன், பையன்தான் ஒரு நாள் "அம்மா இது ரைடு மாதிரி இருக்கு"ன்னான். உண்மைதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்காது, ஜன்னல் சீட்டு கிடைக்கும், பெருங்குடி பக்கம் சதுப்பு நிலம், அப்புறம் மொட்டை மாடி மொட்டை மாடியா காயப்போட்ட துணி, அடையாறு ஆறு, மயிலாப்பூர் கோபுரம் எங்கயாவது எட்டிப்பாக்கும், கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா மெரினா. போக வர ஆளுக்கு 20 ரூபாயத் தாண்டாது. பொதுவுல வெச்ச 100 ரூபாய் இதுக்குத்தான்.

பீச்சுக்குப் போறப்ப காசு கரையுறது எங்கன்னா பசியிலதான். அதனால பையனுக்கு வீட்டுலயே ரெண்டு தோசை உள்ள தள்ளிட்டு கிளம்புங்க, ஒரு டப்பாவுல மாங்கா தேங்கா பட்டாணி சுண்டல நாமளே கொண்டு போயிடலாம், தண்ணி பாட்டில் ரெண்டு. அங்க வாங்குறது ஒரே ஒரு ஐட்டம், அத யார் செலக்ட் பண்றதுன்னு வீட்டுலயே முடிவு பண்ணிடணும். எங்க வீட்டுல முறை வெச்சுப்போம், போன மாசம் அத்தையோட முறை, மணல்ல வறுத்த வேர்க்கடலை. அதுக்கு அப்புறம் அலையில கால் நனைக்கிறதுக்கு எவனும் டிக்கெட் கேக்கப்போறதில்ல. மேல ஏறிப்பாக்கணும்னா லைட்ஹவுஸ் இருக்கு, 1977ல கட்டினது, லிஃப்டே இருக்கு, சின்ன டிக்கெட்தான், திங்கக்கிழமை லீவு.

அதே ரயில்ல கோட்டூர்புரத்துல இறங்கினா அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல திறந்தது, உள்ள போக ஒரு பைசா கிடையாது, புள்ளைங்களுக்குன்னே தனி இடம், மரம் எல்லாம் வெச்சு செட் போட்ட மாதிரி இருக்கும். சொந்தப் புத்தகம் கொண்டுபோய் படிக்கவும் தனி இடம் இருக்கு. மே மாசம் அக்னி நட்சத்திரத்துல ஞாயித்துக்கிழமை பூரா அங்கயே இருந்துடுவோம், இதுல இன்னொரு லாபமும் இருக்கு. நம்ம கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, முதல் 100 யூனிட் ஃப்ரீ, ஆனா 500 யூனிட்ட ஒரு யூனிட் தாண்டினாலும் கீழ இருக்குற யூனிட்டுக்கும் ரேட்டு மாறி பில்லு எகிறிடும். வீட்டுல ஏசி ஓடாத ஒவ்வொரு மத்தியானமும் அங்க கணக்குல வரும். மீட்டர நடுவுல ஒரு தடவை எட்டிப்பாத்துக்கோங்க, ரீடிங் எடுக்க வர்றதுக்கு பத்து நாள் முன்னாடி 450ல இருக்கோம்னு தெரிஞ்சா ஏசி ரிமோட்ட அத்தை கையில குடுத்துடலாம்.

பொம்பளைங்களுக்கு இன்னொரு வசதி, 2021ல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல டிக்கெட்டுக்கு காசே இல்ல. நான் ஆஃபிஸ் போறது மட்டும் இல்ல, சும்மா ஒரு நாள் அத்தையும் நானும் எங்க போகுதுன்னு பாக்கலாம்னு ஒரு பஸ்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி அங்க ஒரு கோயில்ல கும்பிட்டுட்டு அதே பஸ்ல திரும்பி வந்திருக்கோம். மாமியார் மருமக பேசிக்கிறதுக்கு வீட்ட விட பஸ்ஸு நல்ல இடம், ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே பேசலாம்.

டிசம்பர் மாசக்கடைசின்னா கச்சேரி சீசன், நிறைய சபாவுல காலையிலயும் மத்தியானமும் நடக்குற கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, நாளைக்கு பெரிய ஆளாகப்போற புள்ளைங்க பாடுவாங்க. கேண்டீன் பக்கம் மட்டும் போயிடாதீங்க, அங்க ஒரு அடை அவியல் நம்ம ஒரு நாள் பட்ஜெட். அதே மார்கழி விடியக்காலையில கோயிலுக்குப் போனா சுடச்சுட பொங்கல் தொன்னையில கிடைக்கும். பங்குனியில மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்னிக்கு போனா நீர்மோர், பானகம்னு தெருவுக்குத் தெரு குடுப்பாங்க, வயிறு நிறைஞ்சு வீட்டுக்கு வரலாம். எழும்பூர் மியூசியமும் நல்ல இடம், 1851ல இருந்து இருக்கு, வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், வெண்கலச் சிலை இருக்குற கட்டடத்துக்கு முதல்ல போயிடுங்க, கால் வலிச்சப்புறம் போனா ரசிக்க முடியாது.

வீட்டுக்குள்ளயே கிடைக்குறது

எண்ணெய்க் குளியல். இத நான் கடைசியில இருந்து முதலுக்கு கொண்டு வந்திருக்கணும். வெள்ளிக்கிழமை லீவு கிடைச்சா எனக்கு, சனிக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கும் பையனுக்கும். ஒரு சின்னக் கிண்ணம் நல்லெண்ணெய், அதுல ரெண்டு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டு லேசா சூடு பண்ணி, அத்தை உச்சந்தலையில அடிச்சுத் தேய்க்கிறப்ப மண்டைக்குள்ள இருக்குற லெட்ஜர் எல்லாம் அழிஞ்சு போயிடும். அரைமணி நேரம் ஊறி, சீயக்கா தேச்சு வெந்நீர் ஊத்தி, வெளிய வந்தா சூடா மிளகு ரசம், பருப்புத் துவையல். அன்னிக்கு தயிர் கிடையாது, பகல் தூக்கமும் கூடாதுன்னு அத்தை சொல்லுவாங்க, தயிர் வேண்டாம் சரி, தூக்கம் மட்டும் நான் கேக்க மாட்டேன். பார்லர்ல இதுக்கு ஹெட் மசாஜ், ஸ்பான்னு போட்டு எவ்வளவு வாங்குறாங்கன்னு போர்டு பாத்திருப்பீங்க.

மாசக்கடைசியில பௌர்ணமி வந்துச்சுன்னா நிலாச்சோறு. ஒரு பெரிய குண்டான்ல சாம்பார் சாதத்த நெய் விட்டுப் பிசைஞ்சு மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போங்க, பாய விரிச்சு சுத்தி உக்காந்தா அத்தை உருட்டி உருட்டி ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலயும் வைப்பாங்க. தட்டு கிடையாது. தட்டுல போட்டா ரெண்டு வாயில எந்திரிக்கிற பையன் இதுல ஒம்பது உருண்டை சாப்பிடுவான், எண்ணிருக்கேன். அப்படியே மாடியில ரேடியோ, ஆகாசவாணி 102.3ல பழைய பாட்டு ஓடும், டேட்டா செலவு கூட இல்ல. தாயக்கட்டை இருந்தா எடுங்க, இல்லன்னா புளியங்கொட்டைய ஒரு பக்கம் தேய்ச்சு தாயம் ஆடலாம், அத்தை கள்ளாட்டம் ஆடுவாங்க ஜாக்கிரதை.

பருவத்துக்கு ஏத்த தீனிய விட்டுடாதீங்க, அது எப்பவும் மலிவுதான். பொங்கல் முடிஞ்ச கையோட பனங்கிழங்கு, அப்புறம் இலந்தப்பழம், வெயிலுக்கு நுங்கு, ஆடி பக்கம் நாவப்பழம், மழைக்கு வேகவெச்ச வேர்க்கடலை. தோலோட குக்கர்ல உப்பு போட்டு மூணு விசில் விட்டு, மழை பாத்துக்கிட்டே உரிச்சு உரிச்சு சாப்பிட்டா ஒரு சாயங்காலம் ஓடிடும்.

கவுத்து விடுற விஷயங்கள்

கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தம் எல்லாம் எப்படித்தான் 24, 27ன்னு வருமோ. மொய்க்கு 1ஆம் தேதியே ஒரு கவர்ல கொஞ்சம் போட்டு வெச்சுடுங்க, எங்க வீட்டுல மாசம் 300, கல்யாணம் இல்லாத மாசத்துல அது சேரும். கவர் காலியா இருந்தா 101 வெச்சுட்டு வாங்க, நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு அவங்க என்ன வெச்சாங்கன்னு மொய் நோட்ட புரட்டிப் பாத்தா பாதி பேரு அதுதான் வெச்சிருப்பாங்க.

ஆஃபிஸ் ட்ரீட், பர்த்டே கலெக்‌ஷன். முன்னாடியெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லுவேன், தலைவலி, விரதம்னு. இப்ப நேராவே "மாசக்கடைசிப்பா, ரெண்டாம் தேதி வெச்சுக்கலாமா"ன்னு கேட்டேன், டேபிள்ல இருந்த ஆறு பேருல நாலு பேரு முகத்துல அப்படி ஒரு நிம்மதி.

கிரெடிட் கார்டு இருந்தா 20க்கு மேல பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. மினிமம் டியூ மட்டும் கட்டினா போதும்னு நினைச்சுடாதீங்க, பாக்கிக்கு மாசத்துக்கு மூணு, மூணரை பர்சென்ட்னு ஓடும், வருஷத்துக்கு நாப்பதத் தொடும். கார்டுல கேஷ் எடுத்தா எடுத்த நாள்ல இருந்தே வட்டி. ஃபோன்ல அஞ்சு நிமிஷத்துல கடன் தர்ற ஆப் பக்கம் போகவே போகாதீங்க, நம்ம ஃபோன்ல இருக்குற அத்தன பேருக்கும் போன் போட்டு மானத்த வாங்கின கதை எங்க தெருவுலயே இருக்கு. அதுக்கு கூடப்பொறந்தவங்ககிட்ட ஒரு கைமாத்து கேக்குறது எவ்வளவோ மேல், தேதி சொல்லி வாங்குங்க, அந்தத் தேதிக்கு முதல் நாளே குடுத்துடுங்க. ஏடிஎம்முக்கும் அடிக்கடி ஓடாதீங்க, ஃப்ரீ லிமிட் முடிஞ்சா ஒரு தடவைக்கு 23 ரூபாய் புடிச்சுப்பாங்க, ஒன்றரை டீ.

இஎம்ஐ தேதியையும் ஒரு தடவை பாத்துக்கோங்க. எங்களுக்கு ஒண்ணு 29ஆம் தேதி இருந்துச்சு, பேலன்ஸ் இல்லாம ரெண்டு தடவை திரும்பி, பேங்க் ஒரு பக்கம் கடன் குடுத்தவங்க ஒரு பக்கம்னு ரெண்டு இடத்துலயும் ஃபைன். எழுதிக் குடுத்து 5ஆம் தேதிக்கு மாத்தினேன், அதுக்கே ஏன் ரெண்டு வருஷம் ஆச்சுன்னு என்னைக் கேக்காதீங்க, நான் அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்குறேன்.

போன மாசம் 30ஆம் தேதி நைட்டு நிலவரம்: யூபிஐ லைட்ல 37 ரூபாய், தொடாம வெச்ச ஆயிரத்துல 760 (பையனுக்கு இருமல் சிரப்), அத அப்படியே மொய்க் கவருக்கு மாத்திட்டேன். என் நூறுல 15 ரூபாய் மிச்சம். பையன்கிட்ட 40 ரூபாய் இருந்துச்சு, எங்களுக்கே தெரியாம சேத்து வெச்சிருக்கான். "நாளைக்கு சம்பளம் வந்துடும்ல, இத நான் இன்னிக்கே முடிச்சுக்கவா"ன்னு கேட்டுட்டு செருப்ப மாட்டிக்கிட்டு ஓடினான், திரும்பி வர்றப்ப கையில நாலு குச்சி ஐஸ்.